பட்டிமன்றத்துக்கு நடுவே டாக்சிக்கும் ஒரு கால்மணி நேரம்

சிங்கப்பூரில் இயங்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பட்டிமன்றம், பொங்கல் விழா, ஊர்ச் சங்கத்தின் குடும்ப நாள் என்று ஆண்டு முழுக்க நம்மவர்களை ஓரிடத்தில் கூட்டுகிறீர்கள். வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நிகழ்ச்சி முடிந்து டாக்சியில் ஏறும்போது எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியே பழகிய ஒருவர், மீட்டரில் 14 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரைத்தான் சொல்கிறேன்) பார்த்துவிட்டு ரசீதில் 21 வெள்ளியைக் கண்டால் என்ன நினைப்பார்? மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ‘டாக்சிக்காரன் ஏமாத்திட்டான்’ என்று ரசீதின் படம் சுற்றத் தொடங்கிவிடும்.

பெரும்பாலும் அந்த ஓட்டுநர் அங்கிள் மீது தப்பே இருக்காது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணிக்குச் சற்று முன்புவரை மீட்டர் கட்டணத்தின்மேல் 50 விழுக்காடு கூடும். (நன்றியுரையைப் பதினொன்றரைக்குள் முடித்தால் உங்கள் பார்வையாளர்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.) உச்சநேரத்தில் 25 விழுக்காடு. சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் அதற்கென்று தனித்தொகை. வழியில் ஈஆர்பி எனப்படும் மின்னியல் சாலைக் கட்டணம் பிடிக்கப்பட்டால் அதுவும் பயணியின் கணக்குதான். 1998 முதல் நிறுவனங்களே கட்டணத்தை முடிவு செய்வதால் ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசமும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளிலும் ஈஆர்பி கிடையாது. அன்றைக்கு ரசீதில் அப்படி ஒரு வரி இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். ரசீதைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் எங்கே சண்டை போடலாம், எங்கே பேசாமல் இறங்கலாம் என்பது தெரியும்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் வேறு. உண்மையிலேயே தவறு நடக்கும்போது நம்மவர்கள் வாயே திறப்பதில்லை. ஞாயிறு இரவு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பாருங்கள். அரிசியும் எண்ணெயும் நிரம்பிய பைகளோடு மூன்று ஊழியர்கள் நிற்பார்கள். காலியாக இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிய ஒரு டாக்சி வரும். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி “எங்கே?” என்பார். தீவின் மேற்குக் கோடியில் துவாஸ் பக்கத்துத் தங்குவிடுதி என்றதும் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இவர்களும் பைகளைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். பச்சை விளக்கோடு வரும் டாக்சி தகுந்த காரணமில்லாமல் பயணியை மறுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. வேலை நேரம் மாறுகிறது, முன்பதிவுக்குப் போகிறது என்றால் அதை வண்டியின் மேலேயே காட்டவேண்டும். ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்டால், “பொழைக்க வந்த இடத்துல வம்பு எதுக்குண்ணே” என்கிறார்கள். டாக்சியைப் பற்றிப் புகார் செய்வதற்கும் அவர்களுடைய வேலை அனுமதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தையாவது உங்கள் மேடையிலிருந்து உரக்கச் சொல்லுங்கள்.

புகாருக்கு வேண்டியது கொஞ்சம்தான். டாக்சியின் பதிவெண் எஸ்எச் என்ற எழுத்துகளில் தொடங்கும். அதோடு தேதி, நேரம், இடம். டாக்சி நிறுவனத்திடமோ நிலப் போக்குவரத்து ஆணையத்திடமோ சொல்லலாம். ஓட்டுநரின் தொழில் உரிமத்தில் தண்டனைப் புள்ளிகள் சேரும் என்பதால் ஓட்டுநர்களும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்குச் சொல்லவேண்டியவை வேறு. விமான நிலைய வருகைக் கூடத்தில் யாராவது பக்கத்தில் வந்து “கார் வேணுமா?” என்றால் போகக்கூடாது. தெருவில் கைகாட்டி நிறுத்தும் பயணியை ஏற்ற டாக்சிக்கு மட்டுமே அனுமதி. தனியார் வாடகைக் காரை முன்பதிவு செய்துதான் எடுக்கமுடியும். பேரப்பிள்ளையின் உயரம் 1.35 மீட்டருக்குக் குறைவு என்றால் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு. இது தெரியாமல், கைக்குழந்தையோடு போக அந்தக் காரை முன்பதிவு செய்துவிட்டு, ஏற்ற மறுத்த ஓட்டுநரோடு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மல்லுக்கு நிற்கும் தாத்தாக்கள் உண்டு. அங்கே சட்டம் ஓட்டுநர் பக்கம். எந்த வண்டியானாலும் பின்னிருக்கையிலும் இருக்கை வார் போட்டே ஆகவேண்டும். எந்த வழியாகப் போகலாம் என்று ஓட்டுநர் கேட்டால் சும்மா தலையாட்டவேண்டாம். தெரிந்த வழியைச் சொல்லலாம், தெரியாவிட்டால் “நீங்களே பார்த்துப் போங்கள்” எனலாம்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன், எப்படியும் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கும் அந்தக் கால்மணி நேரத்தில் ஒருவர் மேடையேறி இதைப் பேசட்டும். ஒரு டாக்சி ஓட்டுநரையே அழைத்தால் இன்னும் நல்லது. பயணிகளைப் பற்றி அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். அழைப்பிதழின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, அதில் ஒரு மாதிரி ரசீதை அச்சிட்டு வரிக்கு வரி தமிழில் விளக்கம் போடலாம். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிகழ்ச்சிகளில் கடைசி வரிசையில் உட்காரும் ஒருவன்