சாளுவன்குப்பம் செங்கல் கோயில் மேல ஏறி நிக்காதீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

மாமல்லபுரம் சுத்திப் பாக்க வர்றவங்க கடற்கரைக் கோயில், அஞ்சு ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறைன்னு பாத்துட்டு கிளம்பிடறாங்க, கொஞ்சம் பேரு வடக்க அஞ்சு கிலோமீட்டர் தள்ளி சாளுவன்குப்பம் புலிக்குகை வரைக்கும் வருவாங்க, அதோட சரி. அங்கேர்ந்து நடக்கிற தூரத்துலயே கடலோர மணல்ல ஒரு பழைய முருகன் கோயிலோட இடிபாடு இருக்கு, அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

2004 சுனாமி அலை மணலை வாரிட்டுப் போனதுல பாறை ஒண்ணுல இருந்த கல்வெட்டு வெளிய தெரிஞ்சுது. திருவீழ்ச்சில்ங்கற ஊர்ல இருக்கிற சுப்பிரமணியர் கோயிலைப் பத்தி அதுல எழுதியிருந்துச்சு, அந்த ஊருதான் இன்னைக்கு சாளுவன்குப்பம். ஆனா அப்படி ஒரு கோயில் அங்க யாரு கண்ணுலயும் படல, எங்க போச்சுன்னு தேடி பக்கத்துல இருந்த மேட்டை 2005ல தொல்லியல் துறைக்காரங்க தோண்டினா மேல பல்லவர் காலத்து கருங்கல் கட்டுமானம், அதுக்கும் கீழ இன்னும் பழைய செங்கல் கோயில்! அந்த செங்கல் பகுதி சங்க காலத்ததுன்னு தோண்டினவங்க சொல்றாங்க. வாசல் வடக்க பாத்து இருக்கு, முன்னாடி கல்லுல செஞ்ச வேல், கை கோத்து வட்டமா குரவைக் கூத்து ஆடுற பொண்ணுங்க உருவம் பதிஞ்ச சுடுமண் பலகைகூட கெடச்சிருக்கு. கடல் பொங்கி வந்துதான் கோயில் அழிஞ்சிருக்கணும், அதுவும் ஒரு தடவை இல்ல ரெண்டு தடவைன்னு ஆய்வாளர்கள் கருதறாங்க. மொத தடவை அழிஞ்சப்புறம் அதே எடத்துல, அதே சாமிக்கு, செங்கலுக்கு மேலயே கல்லால திரும்ப கட்டியிருக்காங்க பாருங்க, அதை நெனச்சா எனக்கு சிலிர்க்குது. வசந்தனார்னு ஒரு அம்மா விளக்கு எரியறதுக்காக 16 கழஞ்சு (கழஞ்சுங்கறது அந்தக் காலத்து எடை அளவு) பொன் குடுத்ததை தூண்ல வெட்டி வச்சிருக்காங்க.

இப்பேர்ப்பட்ட எடத்துல போன வாரம் பாத்தது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. பசங்க செங்கல் வரிசை மேல ஏறி ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு தாவிட்டிருந்தாங்க, பெத்தவங்க அதை வீடியோ எடுக்கறாங்க, ஒருத்தர் அந்த வேல்ல முதுகை சாச்சு ஒரு காலைத் தூக்கி அது மேலயே வச்சு போஸ் குடுக்கறார், செங்கல் ஓரத்துலேர்ந்து செவப்பா தூள் உதிர்ந்து மணல்ல கெடந்தத யாரும் கவனிக்கல. சொன்னா, இடிஞ்சதுதானே இன்னும் என்ன இடியப் போவுதுங்கறாங்க. அய்யா, இடிஞ்சதைத்தான் இன்னும் பத்திரமா பாத்துக்கணும். கடல் காத்துல இருக்கிற உப்பு ஈரத்தோட செங்கல் துளைக்குள்ள போயி, காயறப்ப கட்டியாகி உள்ளேர்ந்தே தள்ளும், மேல்தோல் பொரிஞ்சு உதிரும். ஏற்கெனவே அப்படி நொந்து போன செங்கல் மேல ஆள் ஏறி நின்னா தாங்குமா? கருங்கல்லுன்னா கூட கொஞ்ச காலம் பொறுத்துக்கும், செங்கல் போச்சுன்னா போச்சு, சங்க காலத்து செங்கலுக்கு மாத்து எங்க போயி வாங்கறது?

பாதுகாக்கப்பட்ட சின்னத்தை சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் ரூபா வரைக்கும் அபராதம்னு சட்டத்துல இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் போலீஸ் வந்து நிக்க முடியாதுல்ல. லீவு நாள்ல மட்டுமாவது அங்க ஒரு ஆளை நிக்க வச்சு, வர்றவங்களுக்கு இந்தக் கதையை ரெண்டு நிமிஷம் தமிழ்ல சொல்ல ஏற்பாடு பண்ணினா போதும், கதை தெரிஞ்சவன் கால் வைக்க மாட்டான். மாமல்லபுரத்துக்கு டூர் கூட்டிட்டு வர்ற டீச்சர்ங்களும் பஸ்ஸை இங்க ஒரு அரை மணி நேரம் நிப்பாட்டி, எறங்கறதுக்கு முன்னாடியே பிள்ளைங்ககிட்ட சுத்தி நின்னு பாக்கணும், மேல ஏறக்கூடாதுன்னு சொல்லிடுங்க. உங்க பேப்பர்லயும் பள்ளிக்கூட லீவு விடறதுக்கு முன்னாடி இந்தக் கோயிலைப் பத்தி போட்டோவோட ஒரு அரைப்பக்கம் போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்