வழிகாட்டிக் கருவி முறைப்பாடுகள் குறித்து

உறுப்பினர்களுக்கு வணக்கம். ‘ஜிபிஎஸ் பிழை’ என்று மட்டும் வரும் முறைப்பாடுகளை வைத்து எதையும் திருத்த முடியாதிருப்பதால், கருவியின் கோளாறையும் வரைபடத்தின் பிழையையும் பிரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2009இல் திருகோணமலை மாவட்டத்தில் படகுச் சேவைக்குப் பதிலாகக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரும் என் பழைய கருவி வாகனத்தைப் படகுத்துறைக்கே இறக்கப் பார்த்தது; அது பழைய வரைபடத்தால் வந்த வினை, கருவியைக் குறைசொல்லிப் பயனில்லை. இத்தகைய பிழையை அறிவிக்கையில் வரைபடப் பதிப்பு, பயணித்த திசை ஆகியவற்றோடு அவ்விடத்தின் அகலாங்கு, நெட்டாங்கையும் (திருகோணமலை நகரென்றால் 8.5, 81.2 என்று தொடங்கும்) ஐந்து தசம இலக்கம் வரை தாருங்கள், ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீற்றரைக் குறிக்கும். திறந்த வெளியிலும் இடத்தைக் கணிக்கத் தேவையான நான்கு செய்மதிகள்கூடப் பிடிபடாவிட்டாலோ, திரை அசையாமல் நின்றுவிட்டாலோ அது கருவிக் கோளாறு. அதை அறிவிக்கக் கருவியின் மாதிரியும் மென்பொருள் பதிப்பும் போதும். வாகனத்தை நிறுத்திய பின்னரே எழுதவும்.