ஹெல்மெட்டை ஏன் கழற்றினார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த 'புரொமீதியஸ்' பட விமர்சனத்தைப் படித்துவிட்டுத்தான் மகளையும் கூட்டிக்கொண்டு லிடோ தியேட்டருக்குப் போனேன். பிரமாதம் என்று எழுதியிருந்தார் உங்கள் விமர்சகர். பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு ஷிப்யார்டில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன், அதில் கடைசிப் பத்து ஆண்டுகள் சேஃப்டி சூப்பர்வைசராக. கப்பல் டேங்குக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் முதலில் கேஸ் செக். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலும் 23.5க்கு மேலே போனாலும் பெர்மிட்டில் கையெழுத்து விழாது. விழுந்த பிறகும் வாசலில் ஒருவர் காவலுக்கு நின்று, உள்ளே போனவர்கள் எத்தனை பேர், வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். வேலையை விட்டாலும் இந்தப் புத்தி விடாது போலிருக்கிறது.

இந்தப் படத்தில் டிரில்லியன் டாலர் செலவழித்து, இரண்டு ஆண்டுகள் உறைநிலையில் தூங்கி, 2093இல் 17 பேர் ஓர் அந்நிய நிலவில் போய் இறங்குகிறார்கள். மனிதனைப் படைத்தவர்களைத் தேடி வந்த விஞ்ஞானிகள். குகைக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில், காற்று சுவாசிக்கலாம் போலிருக்கிறது என்று ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். வேண்டாம் என்று ஷா என்ற பெண் விஞ்ஞானி கெஞ்சுகிறார். அவர் கேட்கவில்லை. அப்புறம் என்ன, வரிசையாக எல்லாரும் கழற்றுகிறார்கள். ஆக்சிஜன் இருக்கிறது, சரி, கிருமி? எனக்குப் பக்கத்தில் இருந்த சீனப் பெரியவரும் 'ஐயோ' என்றார். 2003இல் சார்ஸ் வந்தபோது 238 பேரைத் தாக்கி 33 உயிரைக் கொண்டுபோன ஊர் இது. தினம் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்துக் குறித்து வைத்தவர்களுக்கு அந்தக் காட்சியை உட்கார்ந்து பார்க்க முடியாது.

குகை முழுவதையும் அளந்து வரைபடம் எடுக்கும் கருவியைப் பறக்கவிட்டதே புவியியல் நிபுணர்தான். திரும்பி வர வழி தெரியாமல் தொலைந்ததும் அவரேதான். கூடவே ஓர் உயிரியல் நிபுணர். செத்து இரண்டாயிரம் ஆண்டுகளான பிணத்தைக் கண்டு அரண்டு ஓடியவர், நாகப்பாம்பு மாதிரி படமெடுக்கும் ஒரு ஜந்துவைக் கண்டதும் தடவிக்கொடுக்கக் கையை நீட்டுகிறார். அரங்கமே சிரித்தது.

இந்தப் படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்த 'ஏலியன்' படத்தை எண்பதுகளில் வீடியோ கேசட்டில் பார்த்தேன். அதில் வந்தவர்கள் விஞ்ஞானிகள்கூட இல்லை. சரக்கு இழுக்கும் விண்கப்பலின் சிப்பந்திகள். போனஸ் பங்கு குறைவு என்று புலம்பும் இரண்டு மெக்கானிக்குகளைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க என்று தோன்றியது. முகத்தில் ஒரு ஜந்து ஒட்டிய நிலையில் சக ஊழியரைத் தூக்கி வருகிறார்கள். கேப்டனே வெளியில் நின்று கதவைத் திற என்கிறார். 24 மணி நேரத் தனிமைப்படுத்தல் விதி இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறார் உள்ளே இருக்கும் பெண் அதிகாரி ரிப்ளி. விதியை மீறித் திறந்துவிடுவது வேறொருவர். அங்கிருந்துதான் நாசமே ஆரம்பம். அந்தப் படத்தில் யாரும் முட்டாளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமலே பயம் வந்தது.

புதிய படத்தில் அந்த ரிப்ளி வேலையைச் செய்வது சார்லிஸ் தெரான் நடித்த விக்கர்ஸ். தொற்று ஏறியவரைக் கப்பலுக்குள் விட மறுத்து, நெருப்புத் துப்பாக்கியோடு நிற்கிறார். மொத்தக் கூட்டத்தில் என் கட்சி ஆள் அவர் ஒருவர்தான். அவரைத்தான் கல்நெஞ்சுக்காரியாகக் காட்டி, உருண்டு வரும் கப்பலுக்கு முன்னால் நேர்கோட்டில் ஓடவிட்டு நசுக்குகிறார்கள். பக்கவாட்டில் நான்கு அடி நகர்ந்திருக்கலாமே அம்மா!

திட்டிக்கொண்டே இருக்கிறேன், நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தின் டெட்டிஃபோஸ் அருவியில் எடுத்த தொடக்கக் காட்சியை அந்தப் பெரிய திரையில் முப்பரிமாணத்தில் பார்த்தபோது மூச்சு நின்றது. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த டேவிட் என்ற இயந்திர மனிதனுக்காக மட்டுமே இன்னொரு முறை காசு கொடுப்பேன். எல்லாரும் தூங்கும் கப்பலில் அவன் தனியாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு கூடைப்பந்து போடுகிறான், பழைய மொழிகளைப் படிக்கிறான், பழைய சினிமா பார்த்து அதன் நாயகனைப் போலத் தலைமுடியை மாற்றிக்கொள்கிறான். என்னை ஏன் செய்தீர்கள் என்று ஒரு விஞ்ஞானியிடம் கேட்கிறான். செய்ய முடிந்தது, செய்தோம் என்கிறார் அவர். உங்களைப் படைத்தவரும் உங்களிடம் இதையே சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்கிறான் டேவிட். படம் முழுக்க இந்தத் தரத்தில் இருந்திருக்கக் கூடாதா!

ஷா தனக்குத் தானே அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் காட்சியில் மகள் என் கையை நகத்தால் பிறாண்டிவிட்டாள். ஆனால் விக்கர்ஸின் அறையில் ஆண்களுக்கு மட்டுமான மருத்துவ மெஷின் எதற்கு என்று அவள்தான் முதலில் கேட்டாள். அது ஒரு நல்ல துப்பு. கப்பலில் மறைந்து வருகிற கிழவருக்கானது அது. மார்க்கண்டேயன் கட்டிப்பிடிக்க ஒரு லிங்கமாவது இருந்தது. மனிதனைப் படைத்தவனிடம் ஆயுள் கேட்டுப் போன இந்தக் கிழவருக்கு, அவன் கையால் டேவிட்டின் தலையைப் பிய்த்து அதாலேயே ஓர் அடிதான் கிடைத்தது.

'ஏலியன்' படத்துக்கு இப்படி முன்கதை எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய படத்தில் நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிப்போன ஒரு ராட்சதப் பிணம், விலா எலும்புகள் வெளிப்பக்கம் வளைந்து கிடக்கும். யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். முப்பது ஆண்டுகளாக அது என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. இப்போது அது ஓர் உடுப்பு, உள்ளே வெளுத்த நிறத்தில் ஒரு பெரிய ஆள், அவன்தான் மனிதனைப் படைத்தவன் என்று காட்டிவிட்டார்கள். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அந்த ஆள் நம்மை ஏன் படைத்தான், ஏன் அழிக்க நினைத்தான் என்பதைச் சொல்வார்கள் என்று பார்த்தால், அதை மட்டும் அடுத்த படத்துக்கு மூட்டை கட்டிவிட்டார்கள்.

மகள் பழைய படத்தைப் பார்த்ததில்லை. இந்தச் சனிக்கிழமை டிவிடி போட்டுக் காட்டப் போகிறேன். ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கும் இடத்தில் நிறுத்தி, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்க வேண்டும். "அப்பா, படத்தைப் பார்க்க விடுங்கள்" என்பாள். தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சேஃப்டி சூப்பர்வைசர், ஈசூன்