சரிவு குறைந்த சிலேட் கூரை: லண்டன் தமிழ் பில்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், குரொய்டன் பக்கம் நம் சனம் வீட்டுக்குப் பின்னால் புது அறை எடுத்தால், பல இடங்களில் உங்களில் ஒருவர்தான் கட்டிக் கொடுக்கிறீர்கள். முன்கூரையில் உள்ள மாதிரியே சிலேட், அதாவது மெல்லிய கூரைக் கல், வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். நீங்களும் சரி என்பீர்கள். அந்தச் சரியைச் சொல்வதற்கு முன் சரிவை அளந்து பாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நான் கூரை வேலை செய்கிறவன். கட்டி அதிக காலம் ஆகாத கூரையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி அழைப்பு வரும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. கடன் வாங்கிக் கட்டிய அறையில் வாளி வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் வரைபடத்திலேயே தொடங்கிவிடுகிறது. புதுக் கூரையின் உச்சி, மேல்மாடி ஜன்னலுக்குக் கீழே நிற்க வேண்டும். 4 மீட்டர் நீளும் அறைக்கு 20 டிகிரி சரிவு வேண்டுமென்றால் கூரை ஏறத்தாழ 1.46 மீட்டர் உயர வேண்டும். அந்த இடம் கிடைக்காது. உடனே 15 டிகிரிக்கு இறக்கினால் 1.07 மீட்டர் போதும், வேலை முடிந்தது. கூரை ஜன்னலை 15 டிகிரியிலேயே போடலாம் என்று கம்பெனிக்காரனே எழுதியிருக்கிறானே என்பார்கள். அது ஜன்னலுக்குச் சொன்னது. வழக்கமான இயற்கைச் சிலேட்டை 20 டிகிரிக்குக் கீழே போடக் கூடாது. காற்றோடு மழை அடிக்கும் இடமென்றால் 20-ம் போதாமல் போகலாம். போதாததற்கு, ஒன்றின்மேல் ஒன்று படுப்பதால் சிலேட்டின் சரிவு கைமரத்தின் சரிவைவிட எப்போதும் கொஞ்சம் குறைவு.

ஒழுகும் கூரையில் ஒரு சிலேட்டைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு சிலேட்டுக்கு நடுவிலுள்ள இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர், கீழே உள்ள சிலேட்டின்மேல் விசிறி போல விரிந்து கறை பிடித்திருக்கும். செங்குத்தான கூரையில் அந்த விசிறி ஒடுக்கமாக இருக்கும், தண்ணீர் நேரே ஓடிவிடும். சரிவு குறையக் குறைய விசிறி அகலும். ஒருநாள் ஆணித் துளையைத் தொடும், அல்லது ஓரத்தைத் தாண்டும். காற்று வேறு தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும். இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளி அதை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அதனால்தான் சரிவு குறைந்தால் அகலமான, நீளமான சிலேட் வேண்டும். ஹெட்லாப், அதாவது மூன்றாம் வரிசை முதல் வரிசையின் தலைமேல் ஏறிக் கிடக்கும் அளவு, கூட வேண்டும். 500 மில்லிமீட்டர் சிலேட்டில் ஹெட்லாப் 75 என்றால் பேட்டன், அதாவது சிலேட்டை ஆணியடிக்கும் குறுக்குச் சட்டம், அதன் இடைவெளி 212. 110 என்றால் 195. நூறு சிலேட் போகும் இடத்தில் இன்னும் ஒன்பது வாங்க வேண்டும். இந்த ஒன்பதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பாதிப் பிரச்சினை. எந்தச் சரிவுக்கு எவ்வளவு என்று சிலேட் விற்பவரின் அட்டவணையிலேயே இருக்கும். வீடு இருக்கும் இடத்தின் மழையையும் சேர்த்துப் பாருங்கள்.

சிலேட்டுக்குக் கீழே நல்ல ஃபெல்ட் (தண்ணீர் தடுக்கும் விரிப்பு) போட்டிருக்கிறோம், தண்ணீர் வந்தாலும் அது தாங்கும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஃபெல்ட் எப்போதாவது உள்ளே வரும் துளிகளுக்குத்தான். ஒவ்வொரு மழைக்கும் அதன்மேல் தண்ணீர் ஓடினால் பேட்டன் உளுத்துப்போகும், ஆணி துருப்பிடிக்கும். பீலி ஓரத்தில் ஃபெல்ட் தொய்ந்து குளம் கட்டும். அங்கே கெட்டியான பிளாஸ்டிக் தட்டு வைத்துப் பீலிக்குள் இறக்குங்கள். சுவரோரம் ஈயத் தகட்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒரே துண்டாகப் போடாதீர்கள். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கிப் பிளந்துவிடும். அப்புறம், மழையே இல்லாத ஜனவரிக் காலையில் சொட்டினால் அது கூரை ஒழுகுவதாக இல்லாமல் உள்ளே குளிர்ந்த நீராவியாகவும் இருக்கலாம். நீராவியை வெளியே விடாத ஃபெல்ட் என்றால் இன்சுலேஷனுக்கு மேலே 50 மில்லிமீட்டர் காற்றுவெளி விடுங்கள்.

இடமே இல்லை, 15 டிகிரிதான் வரும் என்றால் வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்: "அக்கா, இதுக்குச் சிலேட் சரிவராது, துத்தநாகத் தகடு போடுவோம்." முதலில் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

இனிமேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு விலைப் பத்திரத்திலும் சரிவு எத்தனை டிகிரி, சிலேட் என்ன அளவு, ஹெட்லாப் எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்காரர் அதை யாரிடமும் காட்டிக் கேட்கலாம். சந்தேகமிருந்தால் வேலை தொடங்கும் முன் என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். வந்து பார்க்கக் காசு வேண்டாம்.

அன்புடன்,
ஒரு கூரை வேலைக்காரன்