எழுதுவதற்கும் கட்டணமா? துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கு,

வணக்கம். அரசுக் கல்வி நிறுவனங்கள் ஆய்விதழ்களைப் படிப்பதற்கான சந்தாவை மத்திய அரசே கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதை மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசுக் கல்லூரி மாணவர் ஒருவர் ஐரோப்பிய மாணவர் படிக்கும் கட்டுரையை அதே நாளில் படிக்க முடிவது சிறிய காரியமன்று. சுயநிதிக் கல்லூரிகள் இன்னும் இதற்கு வெளியேதான் நிற்கின்றன. அவற்றில் படிக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் படிக்க வழி பிறந்த நேரத்தில் எழுதும் வழி அடைபட்டு வருகிறது. வாசகரிடம் பணம் வாங்காத இதழ்கள் பல எழுதியவரிடம் வாங்குகின்றன. 'நேச்சர்' இதழ் 2021இல் இந்த முறையைக் கொண்டுவந்தபோது ஒரு கட்டுரைக்கு வைத்த விலை 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தாலும் இரண்டு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு பெயர் பெறாத இதழ்கள்கூட ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்கின்றன. சந்தா இதழ்களில் இன்றும் கட்டணமின்றி வெளியிடலாம் என்பது உண்மைதான். அப்போது சந்தா கட்ட முடியாதவர் அந்தக் கட்டுரையைப் படிக்க முடியாது.

ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் தரும் கட்டண விலக்குப் பட்டியல்களில் இந்தியா பெரும்பாலும் இல்லை. தலைக்கு வருமானத்தில் உலக வங்கி நம்மைக் கீழ்-நடுத்தர வரிசையில்தான் வைத்திருக்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தி பெரிது என்பதால் சலுகை போய்விடுகிறது. மத்திய அரசு கட்டுரைக் கட்டணத்துக்கென ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்கியிருக்கிறது. கட்டுரைக்கு இரண்டு லட்சம் என்றால் 7,500 கட்டுரைகளுக்குத்தான் போதும். இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருபவை இரண்டு லட்சத்துக்கும் மேல்.

மீதிப் பேர் என்ன செய்வார்கள்? என் மாணவி ஒருத்தி தருமபுரி நிலத்தடி நீரின் புளோரைடு பற்றி நல்ல வேலை செய்திருந்தாள். எலும்பையும் பல்லையும் தின்னும் அந்த நீரைக் குடித்து வளர்ந்த பெண் அவள். ஓர் இதழ் 'வட்டாரப் பிரச்சினை' என்று திருப்பி அனுப்பியது. இன்னொன்று ஏற்றுக்கொண்டு, கூடவே கட்டண விவரத்தையும் அனுப்பியது. கடைசியில் சில ஆயிரம் ரூபாய்க்கு எதையும் அச்சிடும் போலி இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 ஒழுங்குமுறையில் பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை நீக்கிவிட்டது. நம் பல்கலைக்கழகங்கள் அதை வேறு பெயரில் இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

1928இல் சி.வி. ராமன் தம் கண்டுபிடிப்பின் விரிவான கட்டுரையைக் கல்கத்தாவிலிருந்து வந்த 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில்தான் வெளியிட்டார். அதன் படிகளை அஞ்சலில் வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். இரண்டே ஆண்டில் நோபல் பரிசு வந்தது. இன்று அதே கட்டுரை பதவி உயர்வுக் குழுவின் முன் வந்தால், இதழின் 'தாக்கக் காரணி' (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) எவ்வளவு என்ற கேள்விதான் முதலில் எழும்.

இது நம்மால் ஆகாத காரியமும் அன்று. பிரேசிலில் 1990களின் இறுதியில் தொடங்கிய 'சியெலோ' இணையத் தொகுப்பும் மெக்சிகோப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் 'ரெடாலிக்'கும் லத்தீன் அமெரிக்க இதழ்களை உலகுக்கே திறந்து வைத்தன. அங்கே இதழ்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களே பொதுப்பணத்தில் நடத்துகின்றன. ஆகவே பெரும்பாலானவற்றில் படிக்கவும் கட்டணமில்லை, எழுதவும் கட்டணமில்லை. கட்டுரைகளை மதிப்பிடும் வேலையை நம் பேராசிரியர்கள் இப்போதே பெரும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு ஊதியமின்றிச் செய்து தருகிறார்கள். அதையே நம் இதழ்களுக்கும் செய்யலாம்.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து நீர், மண், கடற்கரை, பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளிலாவது கட்டணமில்லாத பொது இதழ்களைத் தொடங்குங்கள். முழுநேர ஆசிரியர் குழுவும் கடுமையான மதிப்பீடும் அவற்றுக்கு வேண்டும். நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரையைப் படித்துப் பார்த்து மதிப்பெண் வழங்குங்கள். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்திலேயே இதை விவாதத்துக்கு எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர்