ஆலயக் கணினி வலையமைப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு மேலாண்மைக் குழுவின் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தாங்கள் அளித்த ஒப்புதலின்படி, நம் ஆலயத்தின் கணினி வலையமைப்பைச் சீரமைக்கும் பணி நிறைவடைந்துள்ளது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அர்ச்சனைச் சீட்டு முகப்பில் கணினிகள் உறைந்துபோவதும், பேநவ் என்னும் கைப்பேசிப் பணப் பரிமாற்றச் சேவை வழி செலுத்திய காணிக்கை வந்து சேர்ந்ததா என்று தெரியாமல் பக்தர்கள் வரிசையில் காத்து நிற்பதும் தாங்கள் அறிந்ததே. கூட்டம் பெருகும்போது இணைய இணைப்பு தாங்குவதில்லை என்றே பலரும் கருதினர். வேகம் கூடிய திட்டத்துக்கு மாறலாம் என்ற பரிந்துரையும் குழுவின் முன் வந்தது. அதற்குப் பணம் செலவிடும் முன் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டறிந்துவிடுவது என்று முடிவு செய்தோம். பார்த்ததில் இணைய இணைப்பில் குறை ஏதும் இல்லை. கட்டடத்துக்குள் கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் கேமராக்களையும் இணைக்கும் ஈதர்நெட் சுவிட்சுகளின் பக்கமே சிக்கல் இருந்தது.

நம்மிடம் இருந்தவை எல்லாம் அன்மேனேஜ்டு வகைச் சுவிட்சுகள். மின்சாரம் கொடுத்துக் கேபிளைச் செருகினால் போதும், வேலை செய்யத் தொடங்கிவிடும். அமைப்புப் பக்கமோ கடவுச்சொல்லோ நிகழ்வுப் பதிவோ கிடையாது. சாதாரண நாளில் பெரிய வசதிதான். கோளாறு வந்தால் மட்டும் அதனிடம் கேட்டறிய வழியில்லை. போர்ட் எனப்படும் கேபிள் செருகும் துளைகளின் விளக்குகளையும் அடாப்டரையும் பார்த்தும், கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டியுமே கண்டுபிடிக்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் கேபிளையோ மறுமுனையில் உள்ள கருவியையோ சந்தேகிக்கலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் தரவு போய்வருகிறது. எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் ஓயாமல் படபடத்தால் வலையமைப்பில் எங்கோ சுழல் விழுந்திருக்கிறது, அதாவது தரவு புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்டப் பாதை உருவாகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அலுவலக அலமாரியில் இருக்கும் 16 போர்ட் முதன்மைச் சுவிட்ச் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படித்தான் படபடத்துக்கொண்டிருந்தது. தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றும் நம் தொண்டூழியர்கள் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினர். மண்டபத்துக்குச் செல்லும் கேபிளைக் கழற்றியதும் விளக்குகள் அடங்கின. முகப்பில் இருந்த அச்சுப்பொறி அதுவரை தேங்கிக் கிடந்த சீட்டுகளை மளமளவென்று வெளியே தள்ளியது. மீண்டும் செருகியபோது மீண்டும் படபடப்பு. தேடிச் சென்றதில், மண்டப மேடைக்கு அடியில் ஒலிபெருக்கிக் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக் கிடந்த 5 போர்ட் சுவிட்சில், குட்டையான ஒரு கேபிளின் இரண்டு முனைகளும் அந்த ஒரே பெட்டியில் செருகப்பட்டிருந்தன. ஏதோ ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு, தொங்கிய முனையைக் கண்ட யாரோ நல்லெண்ணத்தோடு காலிப் போர்ட்டில் செருகிவைத்திருக்க வேண்டும்.

ஒரு முழ நீளக் கேபிள் ஆலயம் முழுவதையும் முடக்க முடியுமா என்று தாங்கள் கேட்கக்கூடும். எந்தக் கருவியின் மேக் முகவரி (கருவிக்கே உரிய அடையாள எண்) எந்தப் போர்ட்டின் பக்கம் இருக்கிறது என்பதைச் சுவிட்ச் தானே கற்றுக்கொண்டு, தரவை அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. ஆனால் அனைவருக்கும் என்று முகவரியிட்டு வரும் ஃபிரேமை, அதாவது ஈதர்நெட்டில் செல்லும் தரவுத் துண்டை, அது வந்த போர்ட் நீங்கலாக மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் சுவிட்ச் வெளியிட்டாக வேண்டும். இணையத்தில் செல்லும் தரவுத் துண்டான ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒவ்வொரு ரூட்டரைக் கடக்கும்போதும் அது குறைந்து, தீர்ந்ததும் பொட்டலம் கைவிடப்படும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அத்தகைய எண் இல்லை என்பதால், கேபிளின் ஒரு முனையில் வெளியேறியது மறுமுனையில் உள்ளே நுழைந்து, பல்கிப் பெருகிச் சுற்றிக்கொண்டே இருந்து, கணப்பொழுதில் வலையமைப்பின் கொள்ளளவு முழுவதையும் விழுங்கிவிடுகிறது. இத்தகைய சுழலைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை 1990இலேயே ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பின் தரநிலையாக வந்துவிட்டபோதிலும், அன்மேனேஜ்டு சுவிட்சுகளில் அது பொதுவாக இருப்பதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏன் என்பதற்கும் விடை மேடையடியில்தான் கிடைத்தது. அந்தச் சுவிட்சின் அடாப்டர், ஒலி அமைப்புக்கான மின் இணைப்பிலேயே மாட்டப்பட்டிருந்தது. மண்டபம் பூட்டியிருக்கும் நாள்களில் அது அணைந்திருக்கும். பஜனைக்கும் திருமணங்களுக்கும் மண்டபத்தைத் திறக்கும்போது சுழலும் கூடவே உயிர்பெறும். வரிசை நீளும் நேரமும் அதுவாகவே இருந்ததால் பழி கூட்டத்தின் மேல் விழுந்தது.

கேமராக்களின் சிக்கல் இதனோடு தொடர்பில்லாதது. ராஜகோபுரப் பக்கத்துக் கேமரா இரவு நேரத்தில் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. இக்கேமராக்கள் ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுபவை. 2003இல் வந்த தரநிலைப்படி ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் தரலாம் என்றாலும், எல்லாப் போர்ட்டுகளும் சேர்ந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குப் பெட்டிக்குப் பெட்டி தனி வரம்பு உண்டு. இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்க, மொத்தத் தேவை வரம்பைத் தாண்டி, கடைசிப் போர்ட்டில் இருந்த கேமரா மின்சாரத்தை இழந்தது. கேமராவைப் புதிதாக வாங்கியிருந்தாலும் அணைந்துதான் இருக்கும்! மின் வரம்பு கூடிய சுவிட்சுக்கு மாறியதோடு குறை தீர்ந்தது.

தேர்க் கொட்டகை வழியாகச் செல்லும் கேபிள் ஒன்று நசுங்கியிருந்தது. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கான 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால்தான் அது செத்தும் சாகாமலும் வேகம் குறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மாற்றிவிட்டோம்.

எல்லாச் சுவிட்சுகளையும், அமைப்புப் பக்கமும் கடவுச்சொல்லும் கொண்ட மேனேஜ்டு வகைக்கு மாற்றலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. அவற்றை அமைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர் எப்போதும் ஆலயத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது. கடவுச்சொல் தொலைந்தால் அதுவே புதிய தலைவலி. ஆகவே முதன்மைச் சுவிட்சை மட்டும், சுழலைக் கண்டறிந்தால் அந்தப் போர்ட்டைத் தானே மூடிவிடும் வகைக்கு மாற்றினோம். மண்டபத்தில் மீண்டும் யாரேனும் அவ்வாறு செருகினாலும் மண்டபத்தின் இணைப்பு மட்டுமே துண்டிக்கப்படும். சீட்டு முகப்பு தொடர்ந்து இயங்கும். மேடையடியில் கேபிளை வேண்டுமென்றே அவ்வாறு செருகிச் சோதித்தும் பார்த்தோம். மண்டபச் சுவிட்ச் இப்போது சுவரில், பூட்டுள்ள பெட்டிக்குள், தனி மின் இணைப்போடு இருக்கிறது. ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்பது தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டப்பட்டுள்ளது.

செலவு விவரங்கள் பொருளாளரின் அறிக்கையில் தனியே தரப்பட்டுள்ளன. கழற்றிய பழைய கருவிகள் மின்னணுக் கழிவுத் தொட்டியில் சேர்க்கப்பட்டன. இனி மண்டபத்தை வாடகைக்கு எடுப்போர் வலையமைப்புக் கேபிள்களைத் தொடாதிருக்கவும், இணைப்பு தேவைப்பட்டால் அலுவலகத்தில் முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும் என்ற விதி வாடகைப் படிவத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

இவண்,
மேலாண்மைக் குழு