குறிப்போடு ஊரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழ் வந்ததும் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தைத்தான் நான் முதலில் புரட்டுவேன். சென்ற இதழில் ஒரு வாசகி, உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைத்தால் உப்பு கசியாது என்று எழுதியிருந்தார். அவர் எந்த ஊர் என்று போடவில்லை. குற்றாலச் சாரல் அடிக்கிற பக்கம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான் பிறந்தது செங்கோட்டை, வாழ்க்கைப்பட்டது வள்ளியூர். (2019-ல் தென்காசியைத் தனியாகப் பிரித்ததில் பிறந்த வீடும் புகுந்த வீடும் வேறு வேறு மாவட்டம் ஆகிவிட்டன.) இரண்டு ஊருக்கும் மேற்கே அதே மலைதான். ஆனால் ஆனி, ஆடியில் அங்கே சாரல், இங்கே காற்று. அங்கே துவைத்த துணி காயாது. இங்கே காய்ந்த துணியைப் பக்கத்து வளவில் போய்ப் பொறுக்க வேண்டும். அங்கே பலிக்கிற யோசனை இங்கே எப்படிப் பலிக்கும்?

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்த்துப்போகும். தூத்துக்குடி அளத்துக் கல்லுப்பில் மெக்னீசியம் உப்பும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது அதற்கு வெகு முன்பே ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். சாரல் காலத்தில் நாலு அரிசி என்ன செய்யும்? செங்கோட்டையில் என் மைனி, ஒரு பிடி அரிசியை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, ஆறியதும் மெல்லிய துணியில் முடிந்து ஜாடிக்குள் போடுவார். வறுத்ததில் அரிசியின் ஈரம் போய்விடுகிறது, அதனால்தான் அது வெளி ஈரத்தை வாங்குகிறது. முடிச்சை அவிழ்த்து வாரம் ஒரு தடவை திரும்ப வறுக்க வேண்டும். “அப்பவும் ஆடியில கொஞ்சம் கசியத்தான் செய்யும்” என்று அவரே சொல்லிவிடுவார். இந்தக் கடைசி வரிதான் அச்சில் வரும் குறிப்புகளில் இருப்பதே இல்லை.

ஊர் மட்டுமல்ல, காலமும் கணக்கில் வரும். கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் வைத்தால் கெடாது என்று இப்போதும் எழுதுகிறார்கள். அந்தப் பெட்டி விறகடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக்கொண்டு இருந்த பெட்டி. அடுக்களையில் கேஸ் அடுப்பு வந்த பிறகு வெறும் பெட்டியைச் சொல்லி என்ன பயன்?

வள்ளியூர்ப் பக்கத்துச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று காவல்கிணறு, பணகுடி என்று எந்த ஊரையும் விடாது. அறைக் கதவு படார் படார் என்று அடித்து, நிலையை ஒட்டிய பூச்சே உதிர்ந்துவிடும். இதற்கு என் கொழுந்தன் செய்த வேலை: பஞ்சர் கடையில் தூக்கிப்போட்ட சைக்கிள் டியூபில் ஒரு சாணுக்கு மேல் நறுக்கி, இரண்டு முனையிலும் பொத்தான் துளை மாதிரி கத்தியால் ஒரு கீறல். ஒரு துளையை உள்பக்கக் கைப்பிடியில் மாட்டி, டியூபைக் கதவின் விளிம்பைச் சுற்றி இழுத்து, மற்றதை வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்டினார். கதவு இப்போது ‘பொத்’ என்று வந்து நிற்கிறது. பூட்டின் நாக்கையும் ரப்பர் அமுக்கிப் பிடிப்பதால், காற்றில் கதவு தானாகப் பூட்டிக்கொண்டு குழந்தை உள்ளே மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. கைப்பிடி இரண்டு பக்கமும் நேருக்கு நேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்குகிற எந்தத் தடுப்பையும்விட இதுவே எனக்கு உசத்தி.

அப்புறம் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஷவர் துளைகள் சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கையை வீசாமல், பிளாஸ்டிக் பைக்குள் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு, ஷவர் தலை அதில் மூழ்கும்படி ராத்திரி கட்டிவிடுவேன். காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். புளியில் இருக்கும் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. அதே அமிலம் மொசைக் தரையையும் அரிக்கும் என்பதால் கீழே சிந்தவிடக் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இந்தப் பாடு பெரும்பாலும் இருக்காது. அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

ஆகவே, குறிப்பு அனுப்புகிறவர்களிடம் ஊர் என்ன, அது ஏன் வேலை செய்கிறது, எப்போது செய்யாது என்ற மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஏன் என்று கேட்டாலே பாதி ஆபத்தானவை நின்றுவிடும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிக் கம்பியை முறுக்கிவிடுவதையும் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால், வயர் சூடேறித் தீப்பிடிக்கும் முன்பே தானே உருகி மின்சாரத்தைத் துண்டிக்கத்தானே அந்த மெல்லிய கம்பி? கறை போகும் என்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கச் சொல்கிறவர்களும் உண்டு. கிளம்புவது குளோரின் வாயு, கதவை மூடிய பாத்ரூமில் உயிருக்கே உலை. இவற்றைத் தயவுசெய்து போடாதீர்கள்.

எனக்கும் ஒரு உதவி வேண்டும். முட்டை ஓட்டைத் தொங்கவிட்டால் பல்லி வராது என்று தங்கள் இதழிலேயே படித்துச் செய்து பார்த்தேன். எங்கள் தார்சாவில் பல்லி அந்த ஓட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. உருப்படியான வழி தெரிந்தவர்கள் ஊர்ப் பெயரோடு எழுதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.